தெருச் சாவுக்குக் கட்டம் இல்லை

தெருவில் பிணம் கிடந்தால், அதை எடுக்கும்வரை எங்கள் பக்கம் யாரும் அடுப்புப் பற்றவைப்பதில்லை. இந்த ஒரு வரியை ஒரு வெள்ளைக்காரருக்கு ஆங்கிலத்தில் விளக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. அதற்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறேன். மாத்திரையையும் மீறி ஏறுகிறது.

என் மனைவியின் தம்பி, நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர், விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு பீங்கான் யூனிட் நடத்துகிறார். நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன்; மீதி நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறேன். என் கட்டுரைகளைப் படித்து வாய்விட்டுச் சிரித்த ஒரே மனிதர் அவற்றுக்குப் பிழை திருத்தியவர். அவர் எதைப் பார்த்துச் சிரித்தார் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனாலும் குடும்பத்தில் யாருக்கு வெளிநாட்டிலிருந்து மெயில் வந்தாலும் நான்தான் துபாஷி.

சென்ற ஆண்டு ஒரு குளிர் தேசத்துக் கம்பெனி மாப்பிள்ளையிடம் காபிக் கோப்பைகள் கேட்டது. முதல் லோடு பிடித்திருந்தால் தொடர்ந்து எடுப்பார்கள். அதுவரை ஊறுகாய் ஜாடியும் கொலு பொம்மையும் செய்து, வருஷத்தில் பாதி நாள் ஷெட்டைப் பூட்டிவைத்திருந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. வேலையில்லாமல் நிறுத்திவைத்திருந்த பெண்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டிருந்தார்.

ஒப்பந்தத்தை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு பத்தியில், ஆகஸ்ட் மாதம் முழுக்க எங்கள் அலுவலகம் மூடியிருக்கும், எதற்கும் பதில் எதிர்பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

"மாசம் முழுக்கவா மாமா? அப்பிடி என்னா விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்ல மாப்ள. கடற்கரைக்குப் போவாங்க."

"எல்லாருமேவா?"

"எல்லாருந்தான்."

"சரி, அது அவங்க வழக்கம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். விளக்கம் கேட்கவில்லை, சான்று கேட்கவில்லை. ஒரு தேசமே ஒரு மாதம் மணலில் படுத்துக் கிடப்பதை ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டார்.

ஜூலையில் கோப்பைகளுக்கான முதல் சூளை வைப்பதைப் பார்க்க அந்தக் கம்பெனியின் பிரதிநிதி வந்தார். அவர் வந்து இறங்கிய திங்கட்கிழமை விடியற்காலையில்தான் ஷெட்டை ஒட்டின வீட்டுக்காரர் செத்துப்போனார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகராட்சியில் ஆரம்பித்து கலெக்டர் வரைக்கும், சூளைப் புகையால் தனக்கு மூச்சு முட்டுகிறது என்று மனுப் போட்டவர். மாப்பிள்ளை விறகை விட்டுவிட்டு கேஸுக்கு மாறிய பிறகும், கண்ணுக்குத் தெரியாத புகை வருகிறது என்று போட்டார். உயிரோடு இருந்தபோது எத்தனை மனு போட்டும் நிறுத்த முடியாத சூளையை, ஐஸ் பெட்டியில் படுத்துக்கொண்டு நிறுத்திவிட்டார். எங்கள் மாவட்டத்தில் நான் கண்ட ஒரே வெற்றிகரமான மனுதாரர் அவர்தான்.

பிரதிநிதி நல்ல மனிதர். கோபம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு அன்றே மறந்திருப்பேன். இந்தியர்களோடு எப்படிப் பழகுவது என்று அவருடைய கம்பெனி அவருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தது. கேட்டிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, உடைந்த பீங்கான் சில்லுகள் சிதறிக் கிடக்கும் முற்றத்தில் காலுறையோடு கும்பிட்டபடி நடந்து வந்தார். "ஐயோ சார், செருப்பப் போடுங்க, குத்திடும்" என்று வேலைக்காரப் பெண்கள் அலறினார்கள். அதை அவர் வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு இன்னும் குனிந்து கும்பிட்டார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சாவு விழுந்துவிட்டது, இன்று சூளை மூட்ட முடியாது. பக்கத்து வீடு என்றில்லை, தெருவில் எந்த வீட்டிலும் உலை ஏறவில்லை. டீகூட அடுத்த தெருவிலிருந்துதான் வருகிறது. மூலையில் இருக்கும் அம்மன் கோயிலிலும் நடை சாத்திவிட்டார்கள்.

அவர் நெஞ்சில் கை வைத்து வருத்தம் தெரிவித்தார். உங்கள் பண்பாட்டை மதிக்கிறேன் என்றார். அதே மூச்சில், கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது, எப்போது எடுப்பார்கள் என்று கேட்டார்.

அங்கேதான் அடுத்த சிக்கல். செத்தவருக்கு ஒரே மகன். வளைகுடாவில் வேறொரு அந்நியக் கம்பெனியில் வேலை. இறப்புச் சான்றிதழ் வந்தால்தான் லீவு என்று அந்தக் கம்பெனி சொல்லிவிட்டது. அப்பா செத்துப்போனார் என்று மகன் சொன்னால் நம்ப மாட்டார்களாம். நகராட்சி சொல்ல வேண்டுமாம். ஒரு கம்பெனி மகனை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. இன்னொரு கம்பெனி ஏன் இன்னும் நெருப்பு வைக்கவில்லை என்று கடிகாரத்தைப் பார்க்கிறது. நடுவில் ஐஸ் பெட்டி. அந்த இரண்டு கம்பெனிகளும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. துபாஷி கத்தக்கூடாது.

"கேஸ் சூளைதானே, புகையும் வராது, சத்தமும் வராது. பின்பக்கமாக மூட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார் பிரதிநிதி. தமிழில் சொன்னேன்.

மாப்பிள்ளை மதில் பக்கம் கையைக் காட்டினார். "சாவுக்கு வந்த பொம்பளைங்க அந்தாண்ட நம்ம ஷெட்டு சுவத்துலதான் சாஞ்சி உக்காந்திருக்காங்க மாமா. சூளை ஏத்துனா சுவரு சுடும். அவங்க முதுகு சுடறப்ப நான் என்னான்னு சொல்லுவன்?"

இதை நான் மொழிபெயர்த்தேன். பிரதிநிதி சுவரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது; முகம் சிவந்ததைப் பார்த்தேன். அந்த இடத்தில் விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அவருக்குப் புரிந்தால் போதாதாம். மடிக்கணினியைத் திறந்து காட்டினார். தாமதமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணங்களைக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். இயந்திரக் கோளாறு, மின்தடை, வெள்ளம், வேலைநிறுத்தம், மூலப்பொருள் இல்லை. கடைசியில் ‘மற்றவை’. தெருவில் சாவுக்குக் கட்டம் இல்லை. ‘மற்றவை’யைத் தொட்டால் தலைமை அலுவலகத்தில் ஒரு குழு உட்காரும், அந்தக் குழு எப்போதும் சப்ளையரைத்தான் சந்தேகப்படும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதனால் இயந்திரக் கோளாறு என்று போட்டுவிடலாம். ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள். இயந்திரத்துக்கு உடம்பு சரியில்லை என்றால் குளிர் தேசமே அனுதாபத்தோடு காத்திருக்கும். மனிதன் செத்தால் அது சப்ளையரின் ஒழுங்கீனம். மழைக்குக் கட்டம், மின்சாரத்துக்குக் கட்டம். கடற்கரையில் படுப்பதற்கு ஒப்பந்தத்திலேயே ஒரு முழுப் பத்தி. இதையெல்லாம் பண்பாடு என்று யாரும் சொல்வதில்லை, நிர்வாகம் என்கிறார்கள். பண்பாடு நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது, தோல் வியாதி மாதிரி.

இருந்தும் நான் பொய் எழுதத் தயாராகத்தான் இருந்தேன். கல்லூரி ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு எத்தனை அறிக்கை எழுதியிருக்கிறேன்! "இதுல என்ன இருக்குது மாப்ள, ரிப்பேருன்னு போட்டுடுவோம்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது.

"தெனம் காலையில சாம்பிராணி காட்டிட்டுத்தான் மாமா அதுல கைய வைக்கறன். நல்லாருக்குற சூளைய கெட்டுப்போச்சின்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா? முதல் சூளை வேற. அப்பறம் அது நெசமாவே படுத்துக்குனா?"

"சும்மா ஒரு கட்டத்துல டிக் பண்றதுக்கா?"

"உங்க வூட்டுல நல்லாருக்குற ஆள, லீவுக்காக செத்துட்டாங்கன்னு எழுதுவீங்களா?"

என் துறையில் அது அடிக்கடி நடப்பதுதான். மாணவர்களுக்கெல்லாம் தேர்வு நேரத்தில் தாத்தாக்கள் செத்துக்கொண்டே இருப்பார்கள். அதை அப்போது சொல்லவில்லை. மாப்பிள்ளை சொன்னதை மட்டும் மொழிபெயர்த்தேன். பிரதிநிதி, இந்தியர்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காக உண்மையை மறைப்பார்கள் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்களே என்றார். பொய் சொல்லச் சொன்னவர் அவர், மாட்டேன் என்றவர் இவர். இதில் யார் யாருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்?

‘மற்றவை’யைத் தொட்டோம். கீழே ஒரு வரி எழுத இடம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இறந்துவிட்டார், அவரை எடுக்கும்வரை எங்கள் தெருவில் நெருப்பு மூட்ட மாட்டோம் என்று எழுதினேன். நான் ஆங்கிலத்தில் எழுதியதிலேயே ஒழுங்கான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பிரதிநிதி மறுநாள் கிளம்பிவிட்டார். அதற்கடுத்த நாள் மகன் வந்து சேர்ந்தான், எடுத்தார்கள். தெருவைக் கழுவிவிட்டார்கள். குளித்துவிட்டு ஈரத்தோடு வந்த மாப்பிள்ளை, தயங்கியபடி செத்தவரின் மனைவியிடம் போய் நின்றார்.

"பத்த வைப்பா, போ" என்றார் அந்த அம்மா. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "இனிமே பெட்டிஷன் போட ஆளில்ல."

சூளை நன்றாக எரிந்தது. கோப்பைகள் ஒரு குறையில்லாமல் வந்தன. ஜூலை கடைசி நாளில் மெயிலும் வந்தது. உங்கள் பண்பாட்டை ஆழமாக மதிக்கிறோம். உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம். ஆனால் கப்பலைத் தவறவிட்டதால் இந்த லோடையும் இனி வருவனவற்றையும் ரத்து செய்கிறோம். எங்கள் பெயர் பொறித்த கோப்பைகளை வேறு யாருக்கும் விற்கக்கூடாது. ராத்திரியெல்லாம் மனதுக்குள் திட்டிவிட்டு, காலையில் மரியாதையான ஆங்கிலத்தில் நீண்ட பதில் அனுப்பினேன். அனுப்பிய மறுநொடியே பதில் வந்தது: எங்கள் அலுவலகம் ஆகஸ்ட் முழுவதும் விடுமுறை.

பக்கத்து வீட்டுக் கருமாதியன்று வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கோப்பைகளில்தான் காபி. விற்கத்தானே கூடாது என்று மாப்பிள்ளை கூடைகூடையாகக் கொடுத்தனுப்பியிருந்தார். நான் செல்போனை நீட்டி அந்த விடுமுறை மெயிலைக் காட்டினேன்.

"விடுங்க மாமா, அவங்க வழக்கம்" என்றார். அவர் கேலிக்குச் சொல்லவில்லை; அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஷெட்டில் பாதிப் பெண்களை மறுபடி நிறுத்தியிருந்தார். "அடுத்த கம்பெனிக்கு எழுதறப்ப நம்மளதையும் முன்னாடியே போட்டுடுங்க. தெருவுல சாவுன்னா சூளை எரியாதுன்னு."

அன்றிலிருந்து நான் அனுப்பும் ஒவ்வொரு விலைப்புள்ளியிலும் அந்த வரி இருக்கிறது. இதுவரை ஒருவரும் பதில் போடவில்லை. அதை எடுத்துவிட்டு அனுப்பிப் பாருங்களேன் என்று என் மனைவிகூடச் சொன்னாள். போன வாரம் அனுப்பியதில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.