நடைபாதையில் காய்ந்த மல்லாட்டை

விழுப்புரத்தில் எங்கள் வீட்டெதிரே நடைபாதை முழுக்க மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, காயப்போட்டிருந்தேன். மாடியேற முழங்கால் சம்மதிக்கவில்லை. ஊரே ரோட்டில்தானே காயவைக்கிறது!

எதிர்வீட்டு சுமதி நிறைமாதக் கர்ப்பிணி. தின்கிற பொருளை மிதிக்கக்கூடாதென்று சாலையில் இறங்கி நடந்தாள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. நான் அதைவிடச் சத்தமாக அலறிக்கொண்டு ஓடினேன். என் மல்லாட்டையே என்னை வழுக்கி உட்காரவைத்தது. நிமிர்ந்து பார்த்தால், பஸ் எப்போதோ நின்று வழிவிட்டிருந்தது. உட்கார்ந்தபடி அலறிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

"இன்னாண்ணே, மல்லாட்டையோட நீங்களும் காயறீங்களா?" என்றாள் சுமதி.

"பஸ்ஸு... உன்னை..."

"நான் நல்லாத்தான் கீறேன். நீங்க ஜல்தி எழுந்திருங்க, என்னால தூக்க முடியாது."

அன்றே மல்லாட்டை மாடிக்கு ஏறியது. முழங்காலை நான் கேட்கவேயில்லை. இப்போதெல்லாம் காலையில் நடைபாதையைப் பெருக்கிவிட்டுத்தான் டீ. சுமதி மகளைத் தூக்கிக்கொண்டு அதில்தான் போகிறாள், போகிறபோக்கில் என்னைப் பார்த்து, "காஞ்சிடுச்சாண்ணே?" என்கிறாள்.