பெயர் மட்டும்தான் தெரியும்

சுனாமிக்கு அடுத்த வருஷம். மரக்காணத்தில் பெண்களுக்குச் சட்ட உதவி செய்த ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. வாரம் ஒருமுறை பாண்டியிலிருந்து பஸ் ஏறுவேன். உப்புக்காற்றில், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மெமரி கார்டில் களிம்பு ஏறியிருக்கும். உருவி, அழிரப்பரால் தேய்த்துச் சொருகினால் உயிர் வரும். அடுத்த வாரம் மறுபடி களிம்பு. அலுத்துப்போயிருந்தேன்.

ஃபைல்கள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தன. மற்றவர்கள் நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்வார்கள். புகார் ஃபோல்டருக்கு மட்டும் பாஸ்வேர்டு. அது இயக்குநருக்கும் டைப்பிஸ்ட் அக்காவுக்கும்தான் தெரியும். அக்கா தாலுகா ஆபீஸ் வாசலில் மனு அடித்துப் பழகியவர். மனுவில் 'பொருள்' என்று எழுதுவதை அப்படியே ஃபைலுக்குப் பெயராக வைப்பார்: யார், எந்த ஊர், யார் மீது, என்ன புகார்.

ஒரு நாள் அந்த ஃபைல் பகிரும் மென்பொருளில் ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்தது. பூட்டிய ஃபோல்டரில் எதையும் திறக்க முடியாது; ஆனால் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர்கள் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். ஆபத்து குறைவு என்று போட்டிருந்தார்கள். புதிய பதிப்பைப் போட ஆபீஸ் வேலையை அரை நாள் நிறுத்த வேண்டும்.

"கொறைவுன்னுதானேப்பா போட்டிருக்காங்க? ஃபண்டு குடுக்கறவங்களுக்கு ரிப்போர்ட் போவட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார் இயக்குநர்.

"நம்ம ஆபீஸ்ல பேர பாத்தாலே போதும் மேடம், மேட்டரே தெரிஞ்சிடும்" என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அந்த வாரம்தான் அனுமந்தையிலிருந்து உப்பளத்துக்கு வேலைக்கு வரும் ஒரு பெண், மேஸ்திரி தன்னிடம் தப்பாக நடக்கிறான் என்று புகார் கொடுத்தாளாம். வக்கீல் நோட்டீஸ் போகும்வரை வெளியே தெரிந்தால் வேலையும் போய்விடும், வீட்டிலும் வாழ முடியாது என்று அழுதிருக்கிறாள். அசிங்கத்தை எழுதக் கூசிய டைப்பிஸ்ட் அக்கா, அவள் பெயர், ஊர், மேஸ்திரியின் பெயர், கடைசியில் 'தனிப்பட்ட விஷயம்' என்று ஃபைலுக்குப் பெயர் வைத்துச் சேமித்துவிட்டார்.

எங்கள் கணக்கர் அந்த மேஸ்திரிக்கு மச்சான். வேறு எதையோ தேடப் போனவர் கண்ணில் அந்த ஃபைலின் பெயர் பட்டுவிட்டது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

அடுத்த வாரம் நான் போனதும் முதல் வேலையாக ஓட்டையை அடைக்கச் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. உட்கார்ந்து புதிய பதிப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. இயக்குநர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"ஃபைல யாரும் தொறக்கலம்மா. பேர மட்டும்தான் பாத்திருக்காங்க" என்றார் இயக்குநர்.

"தொறந்து படிச்சிருக்கலாமே மேடம்" என்றாள் அவள். "படிச்சிருந்தா அவன் என்னா பண்ணான்னு தெரிஞ்சிருக்கும். இப்ப எனக்கும் அவனுக்கும் தொடுப்புன்னு ஊரே பேசுது. என் வீட்டுக்காரரும் அதத்தான் நம்புறாரு."