கீரை மேல் விழுந்த பழி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வெட்கம் அதைவிடச் சீக்கிரம் வரும். என் கிட்னியைக் கெடுத்தது அந்த வெட்கம்தான். ஆனால் ஆறு மாதம் அந்தப் பழியைச் சுமந்தது என் மனைவி போட்ட பசலைக் கீரை.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். தஞ்சோங் காராங் பக்கத்து எஸ்டேட்டுகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோல சிலாங்கூர் டவுன் ஸ்கூல்களில் கொண்டுபோய் விடுவதும் மதியம் திரும்பக் கொண்டு வருவதும்தான் வேலை. எனக்குக் குடல் வியாதி. குடலில் தானாகப் புண் வரும், ஆறும், மறுபடி வரும். டாக்டர்கள் இதைக் குரோன்ஸ் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஒரே பேர்தான்: சூடு. வயிறு போனால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, முட்டி வலித்தாலும் சூடு. சூட்டுக்குக் குளிர்ச்சி கொடுக்க வேண்டுமே! வீட்டுக்குப் பின்னால் என் மனைவி பசலைக் கீரை போட்டாள். வாரத்தில் ஐந்து நாள் பருப்புச் சேர்த்துக் கடைந்து கொடுத்தாள். மாத்திரை ஆஸ்பத்திரியுடையது, குளிர்ச்சி அவளுடையது. அவள் கைக்கு அப்படி ஒரு ருசி, நானும் வழித்து வழித்துச் சாப்பிட்டேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. வியாதி வந்த புதிதில் ஒரு நாள் காலை, வேன் நிறையப் பிள்ளைகள், சுங்கை புரோங் வயல் நடுவே ரோட்டில் வயிற்றைப் பிடுங்கியது. செம்பனைக் காடாக இருந்தால் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கலாம். நெல்லு வயலில் எங்கே போய் ஒதுங்குவது? கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கிறது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சீட்டிலேயே போய்விட்டது. "அங்கிள், என்னமோ நாறுது," என்றது பின்னால் ஒரு சின்னப் பிள்ளை. நான் அதைப் போட்டு ஒரு கத்து கத்தினேன் பாருங்கள், இறங்கும்வரை அது வாயே திறக்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அன்றிலிருந்து காலை எழுந்தது முதல் கடைசிப் பிள்ளை மதியம் இறங்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டேன். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது, இதுதான் என் கணக்கு. மனைவி கொடுத்து அனுப்பும் தண்ணீர்ப் போத்தலை ரோட்டோரம் கவிழ்த்துவிட்டுக் காலியாகக் கொண்டு வருவேன். "நல்லா குடிச்சீங்களா?" என்பாள். "குடிச்சேன்லா," என்பேன். ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொரு முறையும் இதே கேள்வி. தண்ணீர் போதுமா? "சுக்கோப், டோக்டர்." போதும் என்பதை மலாயில் சொல்லும்போது பொய் சொல்வது போலவே இருக்காது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை இடது விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்தது. எமர்ஜென்சியில் இருந்தது ஒரு மலாய் டாக்டரம்மா, சின்ன வயது. நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: பாடான் பானாஸ். உடம்பு சூடு என்பதை அப்படியே மலாயில் சொன்னேன், அவ்வளவுதான். அந்தம்மா அதைக் காய்ச்சல் என்று புரிந்துகொண்டது.

"எப்போதிலிருந்து?"

"இருபது வருஷமா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தது, காய்ச்சல் கருவியைப் பார்த்தது. அதில் காய்ச்சலே இல்லை. நான் வலியில் துடித்துக்கொண்டிருந்தும், கூட வந்த என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஸ்கேனில் யாரும் சிரிக்கவில்லை. கல் அடைத்து இடது கிட்னி வீங்கியிருந்தது. குழாய் வைத்து, பிறகு கல்லை உடைத்து எடுத்தார்கள். கிட்னி கெட்டால் ரத்தத்தில் கூடும் ஒரு எண் ஏறியிருந்தது, அதுதான் அவர்களுக்குக் கவலை.

உணவு ஆலோசனை சொல்ல ஒரு தமிழ்ப் பெண் வந்தது. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்க, கீரை என்று மனைவி பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெண் மெதுவாகத்தான் சொன்னது. "அன்டி, பசலையில ஒரு உப்பு இருக்கு. நமக்கெல்லாம் அது குடல்லேயே கழிஞ்சிரும். இந்த வியாதிக்காரங்களுக்கு அது ரத்தத்துல ஏறி கிட்னியில கல்லாயிரும். தண்ணி கொறஞ்சா இன்னும் மோசம். அங்கிள், தண்ணி நல்லா குடிக்கிறீங்கதானே?"

"குடிக்கிறேன்," என்றேன். மனைவி பக்கத்திலேயே நின்றாள், முகம் செத்துப்போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்னால் போய் கீரையை வேரோடு பிடுங்கிப் போட்டாள். இரண்டு நாள் கழித்துத் தங்கச்சியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என் கையாலேயே அவரு கிட்னியக் கெடுத்துட்டேன்டி." நான் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சவுண்டைக் கூட்டினேன்.

ஆறு மாதம் போனது. கீரை இல்லை, கல்லும் இல்லை, ஆனால் அந்த எண் மட்டும் இறங்காமல் மேலும் ஏறியிருந்தது. குடல் டாக்டர் பேப்பரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"உங்கள் குடல் மாத்திரை சில பேருக்குக் கிட்னியைத் தொடும். தண்ணீர் நன்றாகக் குடிக்கிறீர்கள், கல்லும் போய்விட்டது, அப்படியும் ஏறுகிறது என்றால் மாத்திரையைத்தான் சந்தேகப்பட வேண்டும். நிறுத்திப் பார்ப்போம்," என்றார் மலாயில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மாத்திரைக்கு முன்னால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை ஓடியவன் நான். அதை நிறுத்தினால் வேன் ஓட்ட முடியாது. நிறுத்தாமல் இருந்து, உண்மையிலேயே அதுதான் காரணம் என்றால் கிட்னி போகும், அப்புறம் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இதில் எது சரி என்று டாக்டர் கண்டுபிடிக்க முடியாதபடி செய்து வைத்திருந்தவன் நான்தான்.

மனைவிதான் பேசினாள், தெரிந்த மலாயைக் கூட்டிச் சேர்த்து. கீரையை நிறுத்தி ஆறு மாதமாயிற்று டாக்டர், சமையலில் வேறு என்ன தப்புச் செய்கிறேன் என்று சொல்லுங்கள், அதையும் நிறுத்திவிடுகிறேன். கையைக் கூப்பாத குறையாகக் கேட்டாள்.

"அவ ஒண்ணும் செய்யல!" என்று கத்திவிட்டேன், தமிழில். டாக்டர் திடுக்கிட்டார். பிறகு மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். வயல் ரோடு, சீட், கவிழ்த்த போத்தல், எத்தனை வருடம் என்பதுவரை. டாக்டர் என்னைத் திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். மாத்திரையை இப்போதைக்குத் தொட வேண்டாம், ஒரு மாதம் ஒழுங்காகத் தண்ணீர் குடித்துவிட்டு ரத்தம் கொடுங்கள் என்றார். குடித்தேன். இப்போது நடுவழியில் பெட்ரோல் ஸ்டேஷனில் வேனை நிறுத்துகிறேன், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அந்த எண் இறங்கியது. பழைய நிலைக்கு வரவில்லை, வராது என்கிறார்கள். மாத்திரை தொடர்கிறது.

ஆனால் உண்மையைச் சொன்ன அன்று ஆஸ்பத்திரி கார் பார்க்கில் நடந்ததுதான் என்னை விடவில்லை. காரில் ஏறினோம். கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நானும் கத்தி முடித்திருப்பேன். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"ஆறு மாசமா ஒங்களுக்குச் சோறு போடறப்பெல்லாம் என் கை நடுங்குச்சு. நீங்க அதப் பாக்கலையா?"

"பாத்தேன்," என்றேன்.