டிஸ்க் பிரேக் முதலில் எதில் வந்தது

தம்பிக்குக் கல்யாணமாகி அவன் மனைவி பெங்களூரில் எங்கள் அல்சூர் வீட்டுக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் தொம்மலூரில் என் கணவர் வீட்டிலிருந்து வந்திருந்தேன். ஞாயிறு மதியச் சாப்பாடு மட்டும் எப்போதும் அம்மா கையால்தான். ரசத்தைப் பிசைந்துகொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், அப்பா தன் வழக்கமான கேள்விகளில் ஒன்றைப் போட்டார்.

"ரெண்டு சக்கர வண்டியில டிஸ்க் பிரேக்கு முதல்ல எதுல வந்துச்சு?"

அந்தக் கேள்வி எனக்கானது. நான் நாலாவது படிக்கும்போதிலிருந்து இப்படித்தான் கேட்பார். எந்த வண்டியில் முதலில் ஆறு கியர் வந்தது, ரீட் வால்வ் எதற்கு, பந்தயத்தில் ஓடியதை ரோட்டில் ஓட்டும்படி முதலில் செய்தது இங்கிலீஷ்காரனா, இத்தாலிக்காரனா. தம்பிக்கு இதெல்லாம் தூக்கம் வரவழைக்கும். அம்மா காதிலேயே வாங்கமாட்டாள். அதனால் அந்த வீட்டில் அப்பாவோடு வண்டி பேச நான் ஒருத்திதான் இருந்தேன்.

"அறுபதுகளோட கடைசியில வந்த ஜப்பான் நாலு சிலிண்டர்," என்றேன்.

அப்பா தலையாட்டப் போனார். அதற்குள் தம்பி மனைவி அப்பளத்தை நொறுக்கியபடி, "இல்லக்கா," என்றாள். "அதுக்கு முன்னாடியே இத்தாலி ஸ்கூட்டர் ஒண்ணுல வந்துடுச்சு. முன் சக்கரத்துல. அந்த வண்டி வெச்சிருந்த ஒருத்தர் எங்க கடைக்கு பார்ட்ஸ் தேடிட்டு வந்தாரு. அந்த டிஸ்க்க நான் கையில புடிச்சே பாத்திருக்கேன்."

அத்திபெலேயில் அவள் அப்பாவுக்கு டூவீலர் ஸ்பேர்ஸ் கடை. ஓசூர்ப் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லாம் அங்கேதான் வருவார்களாம். ஸ்கூல் விட்டதும் கடையில் உட்கார்ந்து, கேஸ்கெட்டும் கிளட்ச் பிளேட்டும் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள். பெண் பார்க்கப் போனபோது இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. எம்.காம். படித்தவள், மாரத்தஹள்ளியில் வேலை என்று மட்டும் சொன்னார்கள்.

"ஸ்கூட்டர்லயா? சுள்ளு!" என்றார் அப்பா. பொய் என்று சொல்ல அவருக்குக் கன்னடம்தான் வாயில் வரும். மாநில அரசு ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த பழக்கம்.

"பாருங்க மாமா, நீங்களே பாருங்க." அவள் இடது கையால் போனை நீட்டினாள்.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கருகே வைத்துப் படித்தார். பிறகு அதைக் கீழே வைத்தார். "நெஜந்தான்மா," என்றார். "தோத்துட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்படி ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. காலேஜ் படிக்கும்போது ஒருமுறை, அப்பா வண்டியில் தீப்பொறி தரும் பழைய பாயின்ட்டை விட புதிதாக வரும் நூறு சிசி வண்டிகளின் எலக்ட்ரானிக் இக்னிஷன் நல்லது, அடிக்கடி சரிசெய்ய வேண்டாம் என்று சொன்னேன். உண்மையும் அதுதான். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. எதிர்த்துப் பேசினால் அப்பாவுக்குப் பிடிக்காது என்று அன்றைக்கே கற்றுக்கொண்டேன். நேற்று வந்த ஒருத்தி எதிர்த்துப் பேசுகிறாள், அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். தட்டில் மிச்சமிருந்த சோற்றை என்னால் சாப்பிட முடியவில்லை.

அப்பாவின் வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், முந்நூற்றைம்பது சிசி. வீட்டில் அதற்குப் பெயர் 'த்ரீ ஃபிஃப்டி'. அது ஸ்டார்ட் ஆனால் எங்கள் சந்தில் மூன்று வீட்டு ஜன்னல்கள் அதிரும், நீலப் புகை கோயில் முனை வரைக்கும் போகும். ஜப்பானில் அதற்கு முன்பக்கம் டிஸ்க் பிரேக் இருந்தது; இங்கே வந்ததில் டிரம்தான். "ஓடத் தெரிஞ்ச வண்டி, நிக்கத் தெரியாத வண்டி," என்பார் அப்பா, ஏதோ பெருமை போல. எனக்குப் பதினெட்டு வயதானபோது, ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். "இது உனக்கு ஆவாதும்மா. பிரேக் கிடையாது," என்றார். எனக்கு ஒரு மொபெட் வந்தது. தம்பி பெரியவனானதும் அவனுக்கு மட்டும் கற்றுக்கொடுத்தார். அவன் இரண்டு முறை ஓட்டிவிட்டு, முதுகு வலிக்கிறது என்று விட்டுவிட்டான். அப்போது எனக்குத் தம்பி மேல் பொறாமை வரவில்லை. அவனுக்கு அது வேண்டாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வேண்டும் என்று நினைக்கிறவள் வந்த பிறகுதான் வயிறு எரிய ஆரம்பித்தது.

எனக்கு அப்பாவிடமிருந்து வாராவாரம் வரும் போன் நின்றது. முன்பெல்லாம் நான் ஆபீசில் இருந்தாலும் கூப்பிட்டு, "ஏம்மா, இந்தச் சைலன்சர் மேல்நோக்கி வளைஞ்சு வர்றது எந்த வருஷத்துலருந்து?" என்பார். இப்போது நான் கூப்பிட்டால், "அதான் இவ இருக்காளே, இப்பத்தான் பேசிட்டிருந்தோம்," என்பார். இருவரும் வராந்தாவில் உட்கார்ந்து அவள் போனில் பழைய பந்தய வீடியோக்கள் பார்ப்பார்களாம். அம்மா இதைச் சந்தோஷமாகச் சொன்னாள். "வந்த பொண்ணு வாய்மூடி இருந்துடுமோன்னு பயந்தேன். உங்கப்பாவுக்கு நல்ல ஜோடி," என்றாள். நான் போனை வைத்துவிட்டு, சுத்தமாக இருந்த சமையலறை மேடையை இரண்டு தரம் துடைத்தேன்.

பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். பெரிய கம்பெனியில் ஒரு டீமை நடத்துகிறவள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்கள் சண்டை போடும் வலைத்தளங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்போர்ட்ஸ் வண்டி என்று எதைச் சொல்வது, தாழ்ந்த ஹேண்டில்பார் வந்தபோதா, ஆறு கியர் வந்தபோதா என்று பக்கம் பக்கமாக அடித்துக்கொள்கிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் ரீட் வால்வ் எப்படி வந்தது என்பதில் ஒரு நல்ல விஷயம் கிடைத்தது: அது பெரிய வண்டிகளுக்கு வரும் முன்பே, படகு மோட்டார்களிலும் கோ-கார்ட் இன்ஜின்களிலும் இருந்ததாம். அதை அடுத்த ஞாயிறுக்காகப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அல்சூர் போகும் வழியெல்லாம் காரில் சொல்லிப் பார்த்தேன்.

மேசையில் சமயம் பார்த்துச் சொன்னேன். அப்பா தயிரை ஊற்றிக்கொண்டே, "படகு மோட்டாரா? ம். அத இவ போன வாரமே சொல்லிட்டா," என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா சொன்ன கோ-கார்ட் விஷயம் எனக்குத் தெரியாது மாமா," என்றாள். என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாள். அது இன்னும் எரிந்தது.

மழை விட்ட ஒரு ஞாயிறு. நான் சந்து முனையில் காரை நிறுத்திவிட்டு நடந்து வரும்போதே த்ரீ ஃபிஃப்டியின் சத்தம் கேட்டது. அப்பாவுக்கு மூட்டு தேய்ந்துபோய், ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லி நாளாகியிருந்தது. அவரால் கிக்கரை மிதிக்கவே முடியாது. நான் கேட்டுக்கு வருவதற்குள் வண்டி வெளியே வந்தது. மேலே தம்பி மனைவி. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "அக்கா, ஏரியச் சுத்திட்டு வந்துடறேன்!" என்று கத்திவிட்டுப் போனாள். கியர் மாற்றும் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று என்று தேய்ந்துகொண்டே போய், டிராஃபிக்கில் கரைந்தது.

அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறாவது கியர் போட்டிருக்க மாட்டா, இந்த ரோட்ல எங்க போடறது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ஏம்ப்பா," என்றேன். "எனக்கு ஏன் குடுக்கல?"

அவர் திரும்பினார். "எத?"

"வண்டியத்தான். பிரேக் இல்லன்னு சொன்னீங்களே. இப்ப மட்டும் பிரேக் முளைச்சிருக்கா?"

அவரை நான் அப்படி நேராகக் கேட்டதே இல்லை. "அவ என்னக் கேக்கலம்மா," என்றார். "ஓடாம நின்னா பிஸ்டன் புடிச்சுக்கும் மாமான்னா. சாவிய எடுத்துட்டுப் போயிட்டா. நீ கேட்டே. கேட்டா நான் என்ன சொல்லுவேன்? பயந்துட்டேன், வேணாம்ன்னேன். நீ அதுக்கப்புறம் கேக்கவே இல்ல."

"கேட்டிருந்தா?"

"தெரியலம்மா." பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

நான் அன்று சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். தலைவலி என்று அம்மாவிடம் சொன்னேன். ஏரிக்கரையோரம் கார் சிக்னலில் நின்றபோது, எதிர்ப்பக்கத்தில் அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். முதுகு நேராக, முழங்கால்கள் டேங்க்கை ஒட்டி, அப்பா எப்படி உட்காருவாரோ அப்படியே. சின்ன வயதில் கண்ணாடி முன்னால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு நான் உட்கார்ந்து பார்த்த அதே மாதிரி. சிக்னல் பச்சையானது தெரியாமல் நின்றிருக்கிறேன். பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

மறுவாரம் பெண்களுக்கு மட்டும் மோட்டார் சைக்கிள் கற்றுத்தரும் ஒரு இடத்தில் சேர்ந்தேன். தம்பி மனைவி கேள்விப்பட்டு, "நான் சொல்லித் தர்றேனே அக்கா, வண்டியும் இருக்கு," என்று மெசேஜ் அனுப்பினாள். நன்றி என்று மட்டும் பதில் போட்டேன். அவளிடம் கற்றுக்கொள்வதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். அங்கே வந்தவர்களெல்லாம் என்னைவிட ரொம்பச் சின்னவர்கள். கிளட்சை விடத் தெரியாமல் வண்டி குதிகுதியென்று குதித்து, மைதானத்து மண்ணில் இரண்டு தரம் விழுந்தேன். முழங்கை தோலுரிந்தது. என் வீட்டுக்காரர் மஞ்சளா, டெட்டாலா என்று கேட்டாரே தவிர, எதற்கு இந்த வயதில் என்று கேட்கவில்லை. அதற்கு அவருக்கு இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

லைசென்ஸ் வந்ததும் வண்டி ஒன்று வாங்கினேன். பார்க்கப் பழையது மாதிரி இருக்கும், உள்ளே எல்லாம் புதுசு. உருண்டை விளக்கு, நீள சீட். முதல் ஞாயிறு அதை ஓட்டிக்கொண்டு தொம்மலூரிலிருந்து அல்சூர் போனேன். மெட்ரோ தூண்களுக்கு நடுவில் பஸ்கள் என்னை உரசுவதுபோல் போயின. வீட்டு கேட்டில் நிறுத்தியபோது டீஷர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது.

அப்பா வெளியே வந்தார். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிய முடியாமல் குனிந்து, ஒரு விரலால் செயினைத் தூக்கிப் பார்த்தார்.

"லூசா இருக்கு. அவ மாடியில துணி காயப்போட்டுட்டு இருக்கா. கூப்பிட்டு டைட் பண்ணச் சொல்லு."

வழியெல்லாம் வந்த சந்தோஷம் அப்படியே வடிந்தது. "அவ எதுக்கு?" என்றேன். குரல் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். "ஸ்பேனர் எங்க இருக்கு, சொல்லுங்க. நானே பண்றேன்."

அப்பா உள்ளே போய், ஒரு கையில் டூல் பெட்டியும் ஒரு கையில் பிளாஸ்டிக் ஸ்டூலுமாக வந்தார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "மொதல்ல பெரிய நட்ட லூஸ் பண்ணு. முழுசாக் கழட்டாத," என்றார். நான் தரையில் மண்டியிட்டேன். நட்டு அசையவில்லை. அவர் தன் கையை என் கைமேல் வைத்து அழுத்தினார், அசைந்தது. "ரெண்டு பக்கமும் ஒரே அளவு திருப்பணும். கோடு பாத்துத் திருப்பு. இல்லன்னா சக்கரம் கோணிக்கும்." நான் திருப்பினேன், அவர் அடுத்த ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். "இப்ப செயினத் தூக்கிப் பாரு. ம். இன்னும் ஒரு கால் சுத்து." என் விரல்களிலும் அவர் விரல்களிலும் கறுப்பு கிரீஸ்.

மொட்டை மாடியிலிருந்து தம்பி மனைவி இறங்கி வந்தாள். காலி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, படியிலேயே நின்று எங்களைப் பார்த்தாள்.

"என்ன மாமா," என்றாள் சிரித்துக்கொண்டே. "எனக்கு ஒரு நாளாவது இப்படி ஸ்பேனர் எடுத்துக் குடுத்திருக்கீங்களா?"

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமேம்மா," என்றார் அப்பா, செயினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் மறுபடியும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை. வாளியை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள், உள்ளே போகவும் இல்லை. அவளுக்கு எங்கே குத்துகிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. பக்கத்தில் வந்து உட்கார் என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அடுத்து எந்த நட்டு என்று அப்பாவைக் கேட்டேன்.