நாலு காலா என்று கேட்கவில்லை

எங்கள் வீட்டு வாசலில் தினமும் காலையில் ஒரு காட்டெருமை வந்து நிற்கும். கொடைக்கானலில் இது ஒரு செய்தியே இல்லை. பால்காரர் அதைச் சுற்றிக்கொண்டு வருவார். என் மனைவி, பூச்செடிகளை மேய்ந்ததற்காக ஜன்னல் வழியே அதைத் திட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். டீச்சர் என்பதால் திட்டும் முழு வாக்கியங்களில்தான் வரும். அந்த மாட்டைக் கதாநாயகனாக்கி, கடைவீதிக்குள் புகுந்து கேரட் தின்னவைத்து, ஒரு மொபைல் கேம் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. படம் வரைந்துவிட்டேன். சென்னையில் ஒரு கம்பெனிக்காரர், "வர்ற வெள்ளிக்கிழமை பத்து அடி நடக்க வச்சுக் காட்டுங்க. பிடிச்சா எடுத்துக்கிறோம்" என்றார்.

பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை நான் ஒட்டன்சத்திரத்தில் இருக்க வேண்டும். மச்சானின் காய்கறி மண்டியில் தக்காளிப் பெட்டிகளுக்குக் காவல். என் பட வேலையை இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவி வைத்த கெடு அது. தக்காளி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இது சோறு போடாது என்று அவள் சொன்னது சரியாகிவிடுமே என்றுதான் பயந்தேன்.

வரைந்த படம் தானாக நடக்காது. உள்ளே எலும்பு வைத்து மூட்டு மூட்டாக அசைக்க வேண்டும். அதற்கென்று சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. நல்லவை என்று பெயர் வாங்கியவை எல்லாம் ஆனை விலை, குதிரை விலை. இலவசமாகவும் ஒன்று இருந்தது. கற்றுக்கொள்வது கஷ்டம் என்றார்கள். என் கூட்டாளி, கடைவீதியில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் பாய். இலவசம் என்றதுமே முகத்தைச் சுளித்தார்.

"சும்மா குடுக்குற ரூம்ல சுடுதண்ணி வராது தம்பி."

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுங்க பாய்."

"பல்லு கெடக்கட்டும். சும்மா குடுக்குறவன்கிட்ட எப்படிப் பேரம் பேசுறது?"

அதுதான் அவர் கவலை. எங்கள் ஊரில் பேரம் பேசாமல் வாங்கியது வாங்கியதாகவே ஆகாது. நடுத்தர விலையில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியைப் பிடித்து, என் கையாலேயே அவர்களுக்குக் கடிதம் எழுதவைத்தார். கொடைக்கானலில் இப்போது மழை, ஆஃப் சீசன், கூட்டமே இல்லை, ஆகவே ஆஃப் சீசன் ரேட் போட்டுத் தரவும், அந்த ரேட்டில் என்னென்ன சேரும் என்பதையும் தெரிவிக்கவும். அனுப்பும்போது எனக்கு மானம் போனது. மறுநாளே பதில் வந்தது. "உங்கள் ஆஃப் சீசன் எப்போது முடிகிறது?" என்று நிஜமாகவே கேட்டிருந்தார்கள். பாய் இரண்டு மாதம் கூட்டிச் சொன்னார். பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். நடை, ஓட்டம், ஆட்டம் எல்லாம் தயாராக உள்ளே இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். பாய் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை ஸ்வெட்டர்களுக்கு நடுவே கம்ப்யூட்டரை வைத்து, என் காட்டெருமையை உள்ளே ஏற்றினோம். எலும்புகளைத் தானே பொருத்துகிறேன் என்றது சாஃப்ட்வேர். பொருத்தியது. காட்டெருமை மெதுவாக எழுந்து, பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களை வீசிக்கொண்டு, ஏரியைச் சுற்ற வந்த ஆள் மாதிரி நடந்தது. வேறு நடையை அழுத்தினேன். கைகுலுக்கியது. இன்னொன்றை அழுத்தினேன். இடுப்பை ஆட்டி டான்ஸ் ஆடியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்கள். எனக்கு மாடு பிடிக்க மனுஷனாக முடிந்தது.

பாய் திரையில் விரல் வைத்து அதன் கால்களை எண்ணினார். "நாலு காலான்னு நாம கேக்கலையே தம்பி."

புகார் எழுதினோம். "எங்கள் சாஃப்ட்வேர் மனித உருவங்களுக்கு மட்டும். பக்கத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது" என்று பதில் வந்தது. நாங்கள் இருவரும் நேராக விலை இருந்த வரிக்குப் போனவர்கள்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே அந்த இலவசத்தை இறக்கினேன். அதில் நாலு கால் உண்டு, வால்கூட உண்டு. ஆனால் ஒவ்வொரு எலும்பையும் நாமே வைத்து நாமே நடத்த வேண்டும். எந்தக் காலுக்குப் பின் எந்தக் கால் என்பதே எனக்குத் தெரியவில்லை. "இதுக்கா இம்புட்டு?" என்று பாய் கடைக்குள் நாலு காலில் இறங்கிவிட்டார். நான் செல்போனில் படம் பிடித்தேன். பாதியில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள்.

"இந்த நீலக் கலர் எவ்வளவுங்க?"

"ஆஃப் சீசன் ரேட்டுங்க, பாத்துப் போட்டுக்கலாம்" என்றார் பாய், தரையிலிருந்தே. இரண்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் ஏன் தவழ்கிறார் என்று அவர்களும் கேட்கவில்லை.

பாயின் நடை மாட்டுக்குப் பொருந்தவில்லை. புதன்கிழமை காலை சமையலறை ஜன்னலிலிருந்து வாசல் காட்டெருமையையே படம் பிடித்தேன். அது வைத்த ஒவ்வொரு அடியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அப்படியே எலும்புகளை அசைத்தேன். வியாழன் சாயங்காலம் திரையில் பத்து அடி நடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை சென்னைக்காரர் வீடியோ காலில் பார்த்தார். "பின்னாடி இடது கால் இழுக்குதே சார். சாஃப்ட்வேர் சீப்பானதோ? நல்லதா ஒண்ணு வாங்கிச் செஞ்சிருக்கலாம்" என்றார். வேண்டாம் என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

மனைவி குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தபோது நான் பையில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். "போச்சு. திங்கக்கெழம கெளம்புறேன்" என்றேன்.

"எங்க, காட்டுங்க பாப்போம்."

பத்து அடியையும் பார்த்தாள். மறுபடி ஓட்டச் சொன்னாள்.

"ஏங்க, இது நம்ம வாசல்ல நிக்கிறதுல்ல? போன மழையில இருந்தே அதுக்கு அந்தக் கால் சரியில்ல."

இரண்டு நாள் அந்தக் காலை அங்குலம் அங்குலமாக நகர்த்தியும் எனக்கு அது தெரியவில்லை. தினமும் திட்டியவளுக்கு ஒரு வருடமாகத் தெரிந்திருக்கிறது. அவள் போனை எடுத்தாள்.

"அண்ணே, திங்கக்கெழம அவரு வரலண்ணே. இங்க சோலி கெடக்கு."

போனை வைத்துவிட்டு, தன் பூச்செடிகளையும் அந்த கேமில் வரையச் சொன்னாள், அது மேய்வதற்கு.