துரத்துவது தெரியாத குரங்கு

பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்த கம்ப்யூட்டரிலிருந்து சூடேறிய தூசியின் வாடை வரும். தகரக் கூரையின் வெக்கையும் அதோடு சேர்ந்துகொள்ள, எங்கள் முன்னறையில் மூச்சு முட்டும். சுனாமிக்குப் பின் நாலாம் வருஷம், போர்ட் பிளேருக்கு வெளியே, அரசாங்கம் தற்காலிகமாகக் கட்டிக்கொடுத்த, அத்தை 'டப்பா வீடு' என்று பெயர் வைத்த தகர வீட்டில் அப்பா, அத்தை, நான், தங்கை வாணி ஆகிய நால்வரும் இருந்தோம்.

அலை வந்த அன்று அம்மாவும் ஆறு வயது வாணியும் கார் நிக்கோபாரில் இருந்தார்கள். போர்ட் பிளேரில் படித்துக்கொண்டிருந்த நானும் என்னை அழைத்துப்போக வந்த அப்பாவும் கப்பல் டிக்கெட் கிடைக்காமல் இங்கே நின்றுவிட்டோம். மூன்றாம் நாள் வாணி மட்டும் கிடைத்தாள். அம்மா எப்படிப் போனாள் என்று அவள் சொல்லவில்லை. "பிள்ளை மறந்துட்டா, யாரும் கிளறாதீங்க" என்ற அப்பாவின் சொல்லை மீறி நாங்களும் கேட்கவில்லை.

அதன்பிறகு அவள் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது ஒரு குரங்குக்குட்டி வீடியோ ஆட்டத்தைப் பார்த்துத்தான். பஜாரில் அட்டைப்படத்தைப் பார்த்து அவளே அந்த டிஸ்கை எடுத்தாள். டி.வி.யில் மாட்டி ஆடும் கன்சோலுக்கான ஆட்டம் அது. அதைக் கம்ப்யூட்டரில் ஓட்ட, கன்சோல் மாதிரியே வேலை செய்யும் எமுலேட்டர் என்ற மென்பொருள் வேண்டும், எங்களிடம் இருந்த கிராஃபிக்ஸ் கார்டோ அரதப் பழசு. கடைக்கார வங்காளி பையா, "இஸ்மே நஹி சலேகா", இதில் ஓடாது என்று கையை விரித்துவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. படத்தின் அளவைச் சுருக்கி, நிழல்களை நிறுத்தி, மேசை விசிறியைக் கார்டின் முகத்துக்கு நேரே திருப்பி, ஒருவழியாக ஓட வைத்தேன். பாட்டு இழுத்தது, குரங்கு நொண்டியது. வாணி தினமும் ஒரே கட்டத்தைத்தான் ஆடுவாள். அதில் குரங்கு கடற்கரையில் எதற்கோ பயந்து நம்மை நோக்கி ஓடிவரும். அதன் பின்னால் வெறும் மணல்தான் இருக்கும். "பைத்தியக்காரக் குரங்கு" என்று நான் கேலி செய்வேன்.

மெயின்லேண்ட் போய்வந்த நண்பன் ஒருவன், எமுலேட்டர் திரையில் படம் வரைவதற்கான புதுப் பிளகினைப் பென் டிரைவில் கொண்டுவந்தான். அதைப் போட்டதும் அந்தப் பழைய கார்டில் ஆட்டம் வெண்ணெயாக ஓடியது. நான் வெற்றிக் களிப்பில் வாணியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். குரங்கு ஓடத் தொடங்கியது. அதன் பின்னால், இத்தனை நாள் எங்கள் கம்ப்யூட்டர் வரையாமல் விட்டிருந்த அலை திரை உயரத்துக்கு எழுந்து வந்தது.

"அணைடா! அதை அணைடா!" என்று அப்பா கத்தினார். சுவிட்ச் இருந்த இடமே எனக்கு மறந்துபோனது. வாணி அழவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "இப்படி நீலமா இல்லண்ணே, கறுப்பா வந்துச்சு. அம்மா என்னைத் தென்னை மரத்துல ஏத்திவிட்டாங்க. என் காலு அவங்க தோள்மேல இருந்துச்சு. அப்புறம் தோள் இல்ல."

நாலு வருஷமாக எங்களில் யாருக்கும் தெரியாதது அது. அவள் ஒன்றையும் மறந்திருக்கவில்லை.

இன்று அந்தத் தகர வீடுகளைப் பிரித்தாகிவிட்டது. உப்புக்காற்றில் பச்சை பூத்த அந்தக் கார்டும் காயலான் கடைக்குப் போய்விட்டது. போன மாதம் அதே ஆட்டம் என் கைப்பேசியில் ஒரு திணறலும் இல்லாமல் ஓடுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், மத்திய அந்தமானின் ரங்கத் ஊரில் ஆசிரியையாக இருக்கும் வாணியை அழைத்தேன். பின்னால் என்ன வருமென்று தெரியாமல் அதைச் சரிசெய்துவிட்டேன், மன்னித்துவிடு என்றேன்.

"எனக்குத் தெரியும்ணே" என்றாள். "கார் நிக்கோபார்ல பக்கத்து வீட்டு டி.வி.யில, அம்மா மடியில உக்காந்து ஆடினதுதான் அது. அலை வரும்னு தெரிஞ்சுதான் டிஸ்கை எடுத்தேன். நம்ம கம்ப்யூட்டர்ல அது வரல. இன்னைக்கு வந்துருமோன்னு தினமும் போட்டுப் பாப்பேன். தினமும் வரல."