கிட் மட்டும் போதுமாம்

கல்யாண வீட்டில் யாராவது என்னிடம் "தொழில் எப்படிப் போகுது?" என்று கேட்டால் என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிடும். இலையில் சாம்பாரை வைத்துக்கொண்டு இவள் ஆரம்பித்துவிடுவாளே என்ற பயம். கம்பெனிகளுக்குப் போய், வேலையாட்களின் சிறுநீரைக் கோப்பையில் வாங்கி, அதில் போதைப்பொருள் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். பதினைந்து வருஷமாகச் செய்கிறேன். எனக்குப் பின்னால் 'மூத்திர அக்கா' என்று ஒரு பேர் ஓடுவது தெரியும். முன்னால் வந்து அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். அந்தக் கோப்பைதான் என் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தது, எனக்கு என்ன வெட்கம்?

அதற்கு முன் மலாக்காவில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கிற வேலை. தொழிற்சாலைகளுக்கு நேரில் போய்ச் சோதனை செய்ய டாக்டருக்கு நேரமில்லை, எனக்குக் கார் ஓட்டத் தெரியும். அப்படித்தான் இதில் இறங்கினேன். அந்த நாளில் எங்கேயாவது ஒரு பஸ் கவிழ்ந்த செய்தி பேப்பரில் வந்தால் மறுநாள் காலையிலேயே எனக்குப் போன் வரும். பஸ் வைத்திருப்பவர், லாரி வைத்திருப்பவர், செம்பனைத் தோட்டத்தில் குத்தகை எடுத்தவர் எல்லாரும் ஒரே நேரத்தில் யோக்கியர்களாகிவிடுவார்கள்.

இப்போது அப்படி இல்லை. பெரிய தொழிற்சாலைகள் பெரிய ஆய்வுக்கூடங்களோடு மொத்தமாக ஒப்பந்தம் போட்டுவிட்டன, அங்கே என்னைப் போன்றவர்களை வாசல் கார்டு உள்ளேயே விடமாட்டார். சின்ன முதலாளிகளுக்கோ டிரைவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. "வர்ற தேதிய மட்டும் முன்னாடியே சொல்லிடுங்கக்கா" என்று கெஞ்சுகிறார்கள், இருக்கிற ஆளும் மாட்டிக்கொண்டால் பஸ்ஸை யார் ஓட்டுவது என்று. போதாக்குறைக்கு சோதனை கிட்டெல்லாம் ஆன்லைனில் கொட்டிக் கிடக்கிறது. எச்சிலிலேயே பார்க்கிற குச்சி வந்துவிட்டது. போனில் படம் எடுத்தால் போனே முடிவைச் சொல்கிற வித்தையும் வருகிறதாம். அதை விற்க வந்தவர் மலாக்காவில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டு, கோப்பியும் கேக்கும் கொடுத்து, இனி இந்தத் தொழிலில் ஆளே தேவைப்படாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஆள் என்றால் நான்தான். நான் போய் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

மெர்லிமாவ் டவுனில் ஒரு பஸ் முதலாளி எனக்குப் பழைய வாடிக்கை. நம்ம தமிழர்தான். நான்கு பஸ், நான்கு டிரைவர். சுற்றுவட்டாரத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்சாலைகளில் விடுகிற பஸ்கள். வருஷத்தில் மூன்று நான்கு தடவை சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பேன். கக்கூஸ் தொட்டியில் நீல மாத்திரை போடுவேன், கோப்பையில் தண்ணீர் கலந்தால் காட்டிக்கொடுக்கும். குழாயை மூடி டேப் ஒட்டுவேன். டிரைவர்கள் முனகுவார்கள், கிண்டலடிப்பார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் மட்டும் முதல் ஆளாக வந்து நிற்பார். கொதிக்கிற தேநீரைப் பிடிப்பது போல கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருவார். "சிந்தாம கொண்டாந்துட்டேன் தங்கச்சி" என்பார் ஒவ்வொரு தடவையும். சிகரெட்டுகூடக் குடிக்காத மனிதர். அவர் மனைவியும் அவர் ஓட்டுகிற பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வருவாள், முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு.

போன வருஷம் அந்த முதலாளி போன் செய்தார். இனிமேல் நான் வரத் தேவையில்லையாம். "கிட் மட்டும் குடுங்கக்கா, போதும். நம்ம ஆபீஸ் கிராணி பொண்ணு பாத்துக்கும்" என்றார். எனக்கு சுருக்கென்று கோபம் வந்தது. பதினைந்து வருஷம் கக்கூஸ் வாசலில் காவல் நின்றவளை ஒரு வார்த்தையில் கழற்றிவிட்டாரே என்று வயிறு எரிந்தது. நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு பெட்டி கிட்டை அனுப்பிவிட்டேன்.

என் கோபத்தால் நான் என்ன செய்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வெறும் கிட் வாங்குகிறவர்களுக்கு நான் ஒரு தாள் வைப்பது வழக்கம். தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில், படத்தோடு, எது வந்தால் என்ன அர்த்தம் என்று நானே தயாரித்தது. அலமாரியில் ஒரு கட்டு இருந்தது. எடுத்து வைக்கவில்லை. பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு தாள் இருக்கிறதே, எறும்பு ஊர்கிற மாதிரி ஆங்கிலத்திலும் சீனத்திலும், அதைப் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். மறந்துபோனேன் என்று சொன்னால் பொய்.

சில வாரங்கள் கழித்து மஸ்ஜித் தானா ஊரில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் வேலை முடித்துக் காரில் ஏறும்போது போன் வந்தது. பெண் குரல். நான் ஹலோ சொல்வதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, அந்த கிட்டு மேல உங்க நம்பர் இருந்துச்சுக்கா. எங்க வீட்டுக்காரரு இத பழகிட்டாரு. எங்க கொண்டுபோய்க் காட்டினா குணமாகும்?"

இந்த மாதிரிப் போன் எனக்குப் புதிது இல்லை. எந்த அலுவலகத்துக்குப் போகலாம், ஆளை அடிக்காமல் திட்டாமல் எப்படிக் கூட்டிப்போவது என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் எதிலோ குறித்துக்கொண்டாள். நடுவில், எந்தக் கம்பெனி என்று கேட்டேன். சொன்னாள். அப்புறம்தான் பேசுவது யார் என்று புரிந்தது. முன் சீட்டு அம்மா.

அவரா, என்று ஒரு கணம் திகைத்தேன். ஆனால் அடுத்த கணமே, ஆளைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளிவாசலுக்குப் போகிறவரையும் பார்த்திருக்கிறேன், கோயில் கமிட்டியில் இருப்பவரையும் பார்த்திருக்கிறேன். சரி, இவரும் அப்படித்தான் போல என்று நினைத்தேன். நம்பிவிட்டேன். இதை எழுதும்போது என்னை நினைத்து எனக்கே கூசுகிறது.

எதற்கும் இருக்கட்டும் என்று, கையில் ஏதாவது காகிதம் கொடுத்தார்களா என்று கேட்டேன். காகிதம் இல்லை, படம் இருக்கிறது என்றாள். அவரால் நம்ப முடியாமல் கிராணிப் பெண்ணிடம் கேட்டு வாங்கி வந்த படம். அனுப்பினாள். கார் கண்ணாடியில் வெயில் அடித்தது. போனைக் குனிந்து மடியில் வைத்துப் பார்த்தேன். கிட்டில் ஐந்து பட்டைகள், ஒவ்வொரு போதைப்பொருளுக்கும் ஒன்று. ஐந்திலும் இரண்டு இரண்டு கோடுகள், பளிச்சென்று.

இரண்டு கோடு வந்தால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். மேல் கோடு, கிட் வேலை செய்கிறது என்பதற்கு. கீழ்க் கோடு, ஆள் சுத்தம் என்பதற்கு. போதைப்பொருள் இருந்தால் அந்தக் கீழ்க் கோடு வராது, ஒற்றைக் கோடுதான் நிற்கும். கர்ப்பம் பார்க்கிற குச்சிக்கு நேர் எதிர்.

நான் அவளிடம், இதைப் பார்த்துவிட்டு போதைப்பொருள் இருக்கிறது என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்ட தொனி எனக்கே நன்றாக இல்லை.

"மூணு புள்ள பெத்தவக்கா நான். போன மாசம்கூட எம்மக குச்சியக் கொண்டாந்து காட்டுச்சு. ரெண்டு கோடுனா இருக்குன்னுதானே?"

இதில் அப்படி இல்லை, உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்றுமே இல்லை, இரண்டு கோடு வந்தால்தான் நல்லது என்று மெதுவாக, இரண்டு தடவை சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மஸ்ஜித் தானாவிலிருந்து மெர்லிமாவ் வரைக்கும் எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. பஸ் நிறுத்தும் இடத்தில் மூன்று பஸ்கள் சும்மா நின்றன. கிராணிப் பெண் மேசையில் பிள்ளையின் படத்தை வைத்திருந்தாள். போன வருஷம்தான் பிரசவம் ஆனவள். விஷயத்தைச் சொன்னதும், "ரெண்டு கோடுனா பாசிட்டிவ்தானேக்கா?" என்று கேட்டாள். பிறகு பெட்டிக்குள் மடித்தது மடித்தபடி இருந்த தாளைத் தானே எடுத்து விரித்து, அதில் இருந்த படத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என் தமிழ்த் தாளை வைக்காமல் அனுப்பினவள் நான் என்று அவளிடம் சொன்னேன்.

நான்கு பேரில் மூன்று பேருக்கு இரண்டு கோடு. நான்கு நாளைக்கு முன்னால், சோதனை செய்த அன்றே மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்காவது ஆளுக்கு முதல் பட்டையில் ஒற்றைக் கோடு, கிராணிப் பெண் பார்த்ததும் அந்த முதல் பட்டையை மட்டும்தான். அவரை மட்டும்தான் சுத்தம் என்று முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்திருக்கிறார். நான் போய் நின்றபோதும் அவர் நாற்பது பெண்களை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பஸ் திரும்பி வரும்வரை எனக்கு உயிர் உயிராக இல்லை. வந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, மறுபடியும் பார்த்து, முறைப்படி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். முடிவு வரும்வரை அவர் பஸ்ஸில் ஏறக்கூடாது என்று முதலாளியிடம் சொன்னேன். அந்த டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கதை அவருடையது, இங்கே எழுத மாட்டேன்.

முதலாளியிடம்தான் என் கோபம் எல்லாம் போனது. கிட்டில் ஏதாவது தெரிந்தால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆள் மேல் கை வைக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் போகட்டும், நான்கில் மூன்று பேர் என்றால் எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லையா என்று சத்தம் போட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"நம்ம தமிழாளுங்கதானேக்கா. இருக்கும்னு நெனச்சிட்டேன்லா."

அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது? நானும் கார் சீட்டில் உட்கார்ந்தபடி அப்படித்தானே நினைத்தேன்.

இரண்டு டிரைவர்கள் விஷயம் தெரிந்ததும் சிரித்துக்கொண்டே வந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். சம்பளத்தோடு ஒரு விருந்தும் வேண்டும் என்று முதலாளியைக் கலாய்த்தார்கள். மூத்தவர் மட்டும் போனை எடுக்கவில்லை. சாயங்காலம் முதலாளி, கிராணிப் பெண், நான் மூவரும் அவர் வீட்டுக்குப் போனோம். டவுனுக்குப் பின்னால் தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீடு. ஹாலில் பாய் சுருட்டி வைத்திருந்தது, தலையணையும் அங்கேயே. நான்கு இரவும் அவர் அங்கேதான் படுத்திருக்கிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

எங்களை உட்காரச் சொன்னார். கோபம் எதுவும் காட்டவில்லை. அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றாள், முகம் வீங்கியிருந்தது. முதலாளி தப்பு நடந்துவிட்டது என்று சொல்லி, நாளைக் காலையிலிருந்து வந்துவிடுங்கள் என்று பஸ் சாவியை மேசை மேல் வைத்தார். கிராணிப் பெண் காலில் விழப் போனாள், அவர் தடுத்தார். நான் தாள் விஷயத்தைச் சொன்னேன். கோபத்தில் வைக்காமல் விட்டேன் அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். காரில் உட்கார்ந்து அவரை நம்பாமல் போனதைச் சொல்லவில்லை.

பிறகு பதினைந்து வருஷத்துப் பழக்கம், பையிலிருந்து ஒரு புது கிட்டை எடுத்தேன். இந்த அம்மாவின் கண் முன்னாலேயே ஒரு தடவை பார்த்துவிடலாம், ஐந்து நிமிஷம்தான், இரண்டு கோடு வருவதை இவங்களே பார்க்கட்டும் என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

அவர் கையை நீட்டிக் கிட்டை என் பக்கமே தள்ளினார். உள்ளங்கை நடுவில் கருப்பாக ஒரு தீப்புண் இருந்தது. நான் பார்ப்பதை அவர் மனைவி பார்த்துவிட்டு, தானே சொன்னாள். முதல் நாள் சாமி மேடையில் சூடம் கொளுத்தி, அதைக் கையால் அடித்து அணைத்து அவர் சத்தியம் செய்தாராம். குடிகாரனும் போதைக்காரனும் எதற்கும் சத்தியம் செய்வார்கள் என்று பஸ்ஸில் வருகிற பெண்கள் சொன்னார்களாம். இவள் அதைத்தான் எடுத்துக்கொண்டாள்.

"வேணாம் தங்கச்சி. நாலு நாளா நான் வாயால சொன்னேன்" என்றார் அவர்.

அவள் வாசலை விட்டு இரண்டு அடி முன்னால் வந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு உங்க மேல நம்பிக்க இருக்குங்க."

அவர் மேசை மேல் இருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எங்கள் நான்கு பேரையும் ஒரு தடவை பார்த்தார்.

"இப்ப யாருக்குத்தான் இல்ல" என்றார்.